இல்லாமலும்

கிளாக்ஸ்விக் துறையில் மழை படுக்கைவாட்டில் பெய்யும்.
ஹெய்னி உள்ளே வந்து, கதவைத் தோளால் சாத்தி,
படகிலிருந்து கழற்றிய பெட்டியை
என் மேசைமேல் வைத்தான்.
உப்புப் பூத்த திருகாணிகள். மீன் வாடை.
"எழுதவில்லை" என்றான்.
காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பு
எத்தனை மணிக்கு நின்றது என்று
காப்பீட்டு அலுவலகத்தில் கேட்கிறார்களாம்.
மூன்றா, ஐந்தா?
விழித்தபோது காலுறை நனைந்திருந்தது,
அவனிடம் உள்ள சான்று அவ்வளவே.
சொல்லியிருக்க வேண்டியது என் நிரல்.
நடப்பதை, நடந்த நேரத்தோடு
ஒரு வரி எழுதி வைப்பது;
அதற்கு வேறு பிழைப்பில்லை.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன்.
கோப்பில் ஓர் எழுத்தும் இல்லை.
திரையில் மட்டும் அதன் கடைசிச் சொல்:
தரவுத்தள நூலகம் காணவில்லை. தொடங்க இயலாது.

படகில் எதற்குத் தரவுத்தளம்?
தளம் என்றால் ஹெய்னிக்கு ஒன்றுதான்:
செதில் ஒட்டி, வழுக்கி,
காலுக்குக் கீழே சாய்வது.

வைத்தது நானேதான்.
நான்கு வருடம் முன் ஒரு வங்கி பணம் தந்தது,
ஒவ்வொரு வரியும் அட்டவணையில் விழ வேண்டும் என்றது.
'எல்லோருக்கும் தேவைப்படும்' என்று குறிப்பெழுதி
வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன்.
எல்லோரும் என்பது
தோர்ஷவ்னில் பூட்டிய ஓர் அறையில்
மூன்று இயந்திரங்கள்.

அன்றிரவு பிரிக்க உட்கார்ந்தேன்.
நாற்பத்தொரு இடத்தில் தையல்.
ஒவ்வொன்றாக அறுத்து, வெளியே தனிக் கோப்பாக,
செருகினால் பொருந்துவதாக,
செருகாவிட்டால் துளைகூடத் தெரியாததாக.
இருந்தால் ஏற்று.
இல்லையென்றால் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு
வேலையைப் பார்.

நள்ளிரவு தாண்டி கோபன்ஹேகனிலிருந்து துரிதா அழைத்தாள்.
"உள்ளேயே இருக்கட்டும், வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்வார்கள்.
எடுத்துவிட்டால் வங்கிக்காரர்கள் காலையிலேயே கத்துவார்கள்."
கத்தட்டும், அவர்களிடம் தொலைபேசி இருக்கிறது, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவள் பக்கமும் நியாயம் உண்டு;
இருவருக்கும் வாடகை அந்தப் பணத்தில்தான்.

தொகுத்தேன். முப்பது பிழை.
பிறகு ஏழு.
பிறகு ஒன்று, அது போகவே இல்லை.
துருவிப் பார்த்தால், நேரத்தை எழுதும் இடம்.
தரவுத்தள நூலகத்தில் அழகாக ஒரு செயற்கூறு கிடந்தது,
தேதியைக் கோத்துக் கையில் தரும்.
சோம்பலில் இரவல் வாங்கி மறந்திருக்கிறேன்.
அதாவது, இத்தனை வருடமும்
பக்கத்தில் ஒரு கிடங்கு இல்லாமல்
என் நிரலுக்கு மணி பார்க்கவே தெரியாது.

வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே துறைமுக விளக்கு
அணைந்தது, எரிந்தது, அணைந்தது.
பன்னிரண்டு வரியில் நானே எழுதினேன்:
வருடம், மாதம், நாள்,
மணி, நிமிடம், நொடி.

பெட்டியை வாங்க வந்தவன் கேட்டான்,
"அந்த இரவு?"
கிடைக்காது என்றேன். எழுதாதது எழுதாததுதான்.
தலையசைத்தான்.
இந்த முறை காப்பி வேண்டாம் என்றுவிட்டான்.

வங்கியிலிருந்து நான்கு கடிதம், நான்கும் சூடு.
செருகுநிரலைத் தனியாக நிறுவுங்கள் என்று
நான்குக்கும் ஒரே பதில் போட்டேன்.
ஐந்தாவது வரவில்லை.
பணமும் இந்த மாதம் இன்னும் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஹெய்னி ஒரு கோப்பு அனுப்பினான்.
சும்மா எழுத்து. எதைக் கொண்டும் திறக்கலாம்.

04:12:07 பம்பு தொடங்கியது
04:19:40 பம்பு நின்றது
05:03:22 பம்பு தொடங்கியது

இதற்கெல்லாம் மேலே, முதல் வரியில்,
அந்த இரவின் தூக்கக் கலக்கத்தில்
நான் எழுதி வைத்த முணுமுணுப்பு:
தரவுத்தளம் இல்லை. பரவாயில்லை.

இரண்டாவது சொல்லை நீக்கச் சொல்கிறாள் துரிதா,
மென்பொருள் அப்படிப் பேசக்கூடாதாம்.
நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.